வியட்நாம் டூர்: பணம் கட்டும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

வியட்நாம் போய்விட்டு வந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஊர் அருமை, ஜனங்கள் தங்கமானவர்கள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்து, "ஆனா எதையும் நின்னு பாக்க முடியல" என்று முடிப்பார்கள். இதற்கு அங்கே கொடி பிடித்து நடந்த வழிகாட்டியைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பிய இரண்டு பக்க நிகழ்ச்சி நிரலில் படங்களை மட்டும் பார்த்துவிட்டு "சரி, புக் பண்ணிடுங்க" என்று சொன்ன அன்றைக்கே காரியம் கெட்டுவிட்டது. நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். திரும்பி வந்து போட்டோக்களைப் பார்த்தால் எது ஹுவே கோயில், எது ஹனோய் கோயில் என்று எனக்கே குழப்பம். இரண்டாம் தடவை அந்த நிரலை வரி வரியாகப் படித்து, ஏஜென்ட் அலுத்துக்கொள்ளும் அளவுக்குக் கேள்வி கேட்டுவிட்டுத்தான் பணம் கட்டினேன்.

முதலில் வரைபடம். வியட்நாம் ஒல்லியான நாடு என்பதால் சின்ன நாடு என்று நினைத்துவிடுகிறோம். வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைக்குச் சுமார் 1,650 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரி 700 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஏழு நாளில் வடக்கே ஹனோய், ஹா லாங், நின் பின், நடுவில் டா நாங், ஹோய் ஆன், ஹுவே, கடைசியில் தெற்கே சைகோன் (இப்போது ஹோ சி மின் நகரம், ஆனால் உள்ளூர்க்காரர்களே இன்னும் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள்), அதோடு கூ சி சுரங்கம், மெகாங் டெல்டா என்று ஒரு நிரல் வந்தால், அதில் எத்தனை விமானங்கள் என்று முதலில் எண்ணுங்கள். ஹனோயிலிருந்து டா நாங் ஒன்றரை மணி நேரத்துக்குள் பறந்துவிடலாம், ஆனால் அறையைக் காலி செய்வது, விமான நிலையம், பெட்டிக்குக் காத்திருப்பது என்று சேர்த்தால் அரை நாள் போச்சு. இப்படி இரண்டு விமானம் என்றால் ஒரு முழு நாள் இல்லை. வந்து இறங்கும் நாளையும் கிளம்பும் நாளையும் கழித்தால் ஏழில் மிஞ்சுவது நாலு. ஏழு நாள்தான் லீவு என்றால் வடக்கும் நடுப்பகுதியும் போதும், சைகோனை இன்னொரு தடவைக்கு வையுங்கள்.

அடுத்தது பருவம். நம் ஆட்கள் தீபாவளி லீவையொட்டி வியட்நாம் போவதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. நமக்கு ஐப்பசியில் அடைமழை கொட்டும் அதே நாட்களில்தான் ஹுவேக்கும் ஹோய் ஆனுக்கும் மழைக்காலம். அங்கேயும் வடகிழக்குக் காற்று கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து ட்ருவாங் சன் மலைத்தொடரில் முட்டிக் கொட்டுகிறது. செப்டம்பரில் தொடங்கினால் டிசம்பர் வரை ஓயாது, அக்டோபரும் நவம்பரும் உச்சம். 2025 அக்டோபர் கடைசியில் ஹுவேயும் ஹோய் ஆனும் வெள்ளத்தில் மூழ்கின. ஆனால் அதே சமயம் ஹனோயில் இதமான வெயில் அடிக்கும் என்பதுதான் வேடிக்கை. ஏஜென்ட் அதை மட்டும் எடுத்துச் சொல்லி, "அக்டோபர் பெஸ்ட் சீசன் சார்" என்பார். பொய் சொல்லவில்லை, பாதி சொல்கிறார். மூன்று பகுதிக்கும் ஓரளவு ஒத்துவருவது மார்ச்சும் ஏப்ரலும். அதிலும் ஏப்ரல் 30, மே 1 இரண்டும் அவர்களுக்கு விடுமுறை, உள்ளூர்க் கூட்டம் அலைமோதும். சந்திர நாட்காட்டிப்படி வரும் அவர்களின் புத்தாண்டான டெட் 2027-இல் பிப்ரவரி 6-ஆம் தேதி. அந்த வாரம் போனால் நகரமே ஊருக்குப் போயிருக்கும், பாதிக் கடைகள் மூடிக் கிடக்கும்.

டிசம்பர், ஜனவரியில் ஹனோய் போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். வியட்நாம் என்றால் வெக்கை என்று நினைத்துக்கொண்டு, மெல்லிய சட்டையோடு சாரலில் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தைப் பார்த்தேன், பாவமாக இருந்தது.

ஹா லாங் விரிகுடாவுக்கு வருவோம். "2 நாள் 1 இரவு கப்பல்" என்று நிரலில் இருக்கும். முதல் நாள் மதியம் ஏற்றி, மறுநாள் முற்பகலில் இறக்கிவிடுவார்கள், ஆக இரண்டு நாள் என்பது சுமார் இருபத்திரண்டு மணி நேரம். அது பரவாயில்லை, அந்த ஒரு இரவுக்குப் பணம் தகும். ஹனோயிலிருந்து காலையில் கிளம்பி இரவு திரும்பும் ஒரு நாள் பயணம்தான் வீண் என்பேன், போகவர ஐந்து மணி நேரத்துக்கு மேல் வண்டியிலேயே போய்விடும். போகும் வழியில் கழிவறைக்கு என்று நிறுத்துகிற இடம் முத்துக் கடையாகவோ எம்ப்ராய்டரிக் கூடமாகவோ இருக்கும், அதில் இன்னொரு முக்கால் மணி. இப்படி எத்தனை கடை நிறுத்தங்கள் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள்.

அதைவிட முக்கியம், வானிலை சரியில்லை என்று துறைமுகத்தில் கப்பலை நிறுத்தினால் பணம் திரும்ப வருமா, எவ்வளவு வரும் என்பது. கேட்காமல் போய்விட்டு அங்கே வழிகாட்டியோடு மல்லுக்கு நிற்பதில் அர்த்தமே இல்லை, அவர் கையில் எதுவும் இல்லை. 2025 ஜூலையில் திடீர்ப் புயல்மழையில் அங்கே ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். போகக் கூடாது என்று சொன்னால் போகக் கூடாது, அவ்வளவுதான். படகில் ஏறியதும் லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நின் பின் பக்கம் "படகுச் சவாரி" என்று மட்டும் போட்டிருந்தால் எந்தப் படகு என்று கேளுங்கள். ட்ராங் ஆன் என்றால் குகை குகையாகப் புகுந்து வரும் இரண்டரை, மூன்று மணி நேரப் பயணம். டாம் கோக் அதைவிடச் சின்னது, வயல்களுக்கு நடுவே ஆறு போகும், காலால் துடுப்புப் போடுகிற ஆட்களை அங்கே பார்க்கலாம், மே கடைசியில் போனால் கதிர் முற்றி மஞ்சளாகக் கிடக்கும். இரண்டிலும் தலைக்கு மேல் நிழல் கிடையாது. உச்சி வெயிலில் படகை வைத்திருக்கும் நிரலை மாற்றச் சொல்லுங்கள். பக்கத்திலேயே ஹோவா லு, 968-லிருந்து தலைநகராக இருந்த ஊர். 1010-இல் லி தாய் டோ அங்கிருந்து தலைநகரை இப்போதைய ஹனோய்க்கு மாற்றினார். முடிந்தால் ஹோவா லுவை முதலில் பார்த்துவிட்டு ஹனோய் கோட்டையைப் பாருங்கள், கதை வரிசையாக மனசில் நிற்கும்.

ஹனோயில் ஒரே ஒரு எச்சரிக்கை. ஹோ சி மின் உடல் வைக்கப்பட்டிருக்கும் மண்டபம் காலையில் மட்டும்தான் திறந்திருக்கும், திங்களும் வெள்ளியும் கிடையாது, பராமரிப்புக்காக வருடத்தில் சில வாரங்கள் மூடியும் விடுவார்கள். நிரலில் மண்டபம் என்று போட்டு, மத்தியானம் மூணு மணிக்கு வெளியே நிற்கவைத்துப் போட்டோ எடுக்கவிடுவது வழக்கமான வித்தை. உள்ளே போவதென்றால் அரை டிராயர் ஆகாது, பேச்சு ஆகாது, கேமரா ஆகாது.

இனி ஹுவே. டா நாங்கிலோ ஹோய் ஆனிலோ தங்கவைத்து, ஹுவேயை ஒரு நாள் பயணமாகச் செருகிவிடுகிறார்கள். ஹோய் ஆனிலிருந்து நூற்றி இருபது கிலோமீட்டருக்கு மேல். 1802 முதல் 1945 வரை நுயென் வம்சத்தின் பதின்மூன்று அரசர்கள் ஆண்ட தலைநகரத்துக்கு மத்தியானம் மூன்று மணி நேரம். அதில் கோட்டை ஒன்று, சமாதி ஒன்று, தியென் மு பகோடாவில் பத்து நிமிடம். ஒரு இரவாவது அங்கே தங்குங்கள். 1968-இல், வியட்நாம் போரில், கோட்டைக்குள் பெரும்பகுதி நாசமானது, இன்று நீங்கள் பார்ப்பதில் எது பழசு, எது திரும்பக் கட்டியது என்று வழிகாட்டியிடம் கேட்டுக்கொண்டே நடந்தால்தான் அந்த இடமே புரியும். கியென் ட்ருங் மாளிகை பளபளவென்று நிற்கும், அது திரும்பக் கட்டி 2024-இல் திறந்தது. இன்னொன்று, டா நாங்–ஹுவே பேருந்து ஹாய் வான் மலையடியில் 6.28 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்துவிடும். மேலே கணவாய்ச் சாலையில் போனால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை. "கணவாய் வழியா, சுரங்கம் வழியா" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது மி சன் என்ற பழைய சிவன் கோயில்கள் விஷயத்தில். டா நாங்கில் மூன்று நாள் இருக்கும் நிரலில் பா நா மலைக்கு முழு நாள் ஒதுக்கியிருப்பார்கள். 2018-இல் திறந்த, இரண்டு பெரிய கைகள் தாங்குகிற மாதிரி செய்த பாலமும், பிரெஞ்சு கிராமம் மாதிரி கட்டிய ஊரும். குழந்தைகளுக்குப் பிடிக்கும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஹோய் ஆனிலிருந்து நாற்பது கிலோமீட்டரில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில், நாலாம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்ற, அந்தக் காலத்தில் நடு வியட்நாமில் இருந்த சாம்பா நாட்டு அரசன் பத்ரேஸ்வரர் என்ற பெயரில் சிவனுக்கு எடுத்த கோயிலில் தொடங்கி, அப்புறம் வந்த அரசர்கள் பல நூற்றாண்டுகள் கட்டிக்கொண்டே போன செங்கல் கோயில் கூட்டம் நிற்கிறது. அது நிரலில் இல்லை, இருந்தால் "விருப்பம் இருந்தால், கூடுதல் கட்டணம்" என்று கடைசி வரியில் இருக்கும். கருங்கல்லுக்குப் பழகிய நம் கண்ணுக்கு, செங்கல்லுக்கு நடுவில் சாந்தே தெரியாத அந்தச் சுவர்கள் புதுசு. ஆனால் தரையில் கிடக்கும் ஆவுடையாரைப் பார்த்தால் யாரும் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்கக் குண்டுவீச்சில் 1969-இல் மிகப் பெரிய கோபுரம் இடிந்தது, குண்டு விழுந்த பள்ளங்கள் புல் மூடி இன்னும் அப்படியே இருக்கின்றன. சில கோயில்களைச் சீரமைத்தது நம் இந்தியத் தொல்லியல் துறை. அந்த வேலையின்போது 2020-இல் ஒன்பதாம் நூற்றாண்டுச் சிவலிங்கம் ஒன்று மண்ணிலிருந்து வெளிப்பட்டது.

போவதென்றால் விடிகாலையில் போங்கள். பத்து மணிக்கு மேல் அந்தப் பள்ளத்தாக்கு அடுப்பு, கூட்டமும் அப்போதுதான் வந்து இறங்கும். மி சன்னோடு நிறுத்திக்கொள்வதும் தவறுதான், ஏனென்றால் நல்ல சிற்பங்கள் பல அங்கே இல்லை. டா நாங் நகரத்துக்குள் 1919-இல் தொடங்கிய சாம் (சாம்பா நாட்டு மக்கள்) சிற்ப அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே மி சன்னிலிருந்து கொண்டுவந்த, ஏழாம் நூற்றாண்டுப் பிள்ளையார் ஒருவர் இருக்கிறார். உட்காரவில்லை, நிற்கிறார். தும்பிக்கை நேராகக் கையில் இருக்கும் பலகாரக் கிண்ணத்துக்குள் போகிறது. ஒரு மணி நேரம் போதும் இந்த அருங்காட்சியகத்துக்கு, எந்த நிரலிலும் நுழைத்துவிடலாம்.

பணம். வியட்நாமில் 20,000 டாங் நோட்டும் நீலம், 5,00,000 டாங் நோட்டும் நீலம், இரண்டிலும் ஹோ சி மின் முகம். ஹோய் ஆனில் இரவு லாந்தர் வெளிச்சத்தில் இரண்டு டம்ளர் கரும்புச்சாறுக்கு நான் நீட்டியது பெரிய நீலம். அந்த அம்மா நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே என் பர்ஸுக்குள் விரலை விட்டுச் சின்ன நீலத்தை உருவிக்கொண்டு பெரியதைத் திருப்பிக் கொடுத்தார். எல்லாரும் அப்படி இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. 20,000 நோட்டின் பின்பக்கம் ஹோய் ஆனின் ஜப்பானியப் பாலம் இருக்கும், அதை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். (50,000-இல் ஹுவே, ஒரு லட்சத்தில் ஹனோய் இலக்கியக் கோயில், இரண்டு லட்சத்தில் ஹா லாங் பாறை. டூர் முழுக்கப் பர்ஸிலேயே இருக்கிறது.) ஐந்து லட்சத்தைப் பர்ஸில் தனி அறையில் வைப்பது இன்னும் நல்லது. கணக்குக்கு மூன்று சைபரை வெட்டி, மீதியை மூன்றரையால் பெருக்கினால் ஏறக்குறைய ரூபாய் வந்துவிடும்.

சைவர்கள் "நோ மீட்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. அவர்கள் கணக்கில் மீன் சாஸ் இறைச்சி இல்லை, அது உப்பு மாதிரி எல்லாவற்றிலும் இருக்கும். சொல்ல வேண்டிய வார்த்தை "சய்", பௌத்தர்களின் சைவச் சாப்பாட்டுக்கு அதுதான் பெயர். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே பலர் சைவம், ஹுவேயில் சய் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. இது தெரியாமல், ஒவ்வொரு ராத்திரியும் இந்தியன் டின்னர் என்று ஊரின் இன்னொரு மூலைக்கு வண்டியில் இழுத்துப்போய் பனீர் போடும் பேக்கேஜைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம்.

இ-விசாவில் பெயர். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே உட்கார்ந்திருக்கும். பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இருக்கிற இரண்டு வரியில் எப்படி இருக்கிறதோ அப்படியே விசாவில் வர வேண்டும். ஏஜென்ட் போடுகிறார் என்று விடாமல், வந்ததும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒருமுறை நுழைவதற்கு அரசுக் கட்டணம் 25 டாலர்தான்.

சைகோனில் முடிகிற டூர் என்றால் கடைசி நாளில் பென் தான் சந்தையில் ஷாப்பிங் என்று இரண்டு மணி நேரம் விடுவார்கள். பேரம் பேசி அலுத்துவிட்டால் அங்கிருந்து சில நிமிட நடை, ட்ருவாங் டின் தெருவில் மாரியம்மன் கோயில், பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் அங்கே வியாபாரத்துக்குப் போன நம் தமிழர்கள் கட்டியது. உள்ளே போனால் நம்மவர்களைவிட வியட்நாமியர்கள்தான் அதிகம். ஊதுபத்தி ஏற்றிவிட்டு, கருவறையின் பின்பக்கச் சுவரில் நெற்றியை ஒட்டிவைத்து, அம்மனிடம் முணுமுணுவென்று ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார்கள். இது எந்த நிரலிலும் இருக்காது, வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு நீங்களாகப் போக வேண்டியதுதான்.