தகைவும் டைட்டானியமும்: ஃபேஸ் மாற்றத்தைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உருக்காலை இருக்கும் ஊர் என்பதால், சேலத்தில் உலோகவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நன்றாகப் பழகிய பொருள். 304 ரகத் தகட்டைச் சூடாக்காமல் உருட்டினாலோ மடித்தாலோ அந்த இடத்தில் காந்தம் லேசாக ஒட்டும். அங்கே தகைவால், அதாவது பரப்பின் மீது விழும் விசையால், ஃபேஸ் (அணுக்கள் அடுங்கியிருக்கும் விதம்) மாறியிருக்கிறது: ஆஸ்டினைட் என்ற ஃபேஸில் ஒரு பகுதி மார்ட்டென்சைட் என்ற இன்னொன்றாக மாறிவிட்டது, உலோகமும் கடினமாகிவிட்டது என்று அர்த்தம். இதே கணக்கை டைட்டானியத்துக்கும் போடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் முதல் தவறு.

டைட்டானியத்தில் சாதாரண வெப்பநிலையில் நிற்கும் ஃபேஸ் ஆல்ஃபா, அதிகச் சூட்டில் வருவது பீட்டா. சில கலவைகளில் பீட்டாவைக் குளிரவைத்த பிறகும் தக்கவைக்கலாம். அந்தப் பீட்டாவில் தகைவால் பிறக்கும் ஆல்ஃபா இரட்டைப் பிரைம் (α″) மார்ட்டென்சைட்டைக் காந்தம் காட்டிக்கொடுக்காது. அது எஃகின் மார்ட்டென்சைட் போலக் கடினமானதும் அல்ல. இழுவைச் சோதனை வரைபடத்தில் குறைந்த தகைவிலேயே ஒரு வளைவு வரும், சற்றுத் தள்ளி இன்னொன்று வரும். முதல் வளைவு ஃபேஸ் மாறத் தொடங்கிய இடமாக இருக்கலாம். அதையே வழக்கமான நெகிழ்வு வலிமை (உலோகம் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு) என்று எழுதிவிட்டால், மேற்கொண்டு போடும் கணக்கெல்லாம் பிசகும்.

அடுத்து, எந்தக் கலவையை எடுத்தாலும் இந்த மாற்றம் வரும் என்று எதிர்பார்ப்பது. கலவை பீட்டாவை எவ்வளவு நிலைநிறுத்தும் என்று காட்டும் மாலிப்டினம் சமானத்தை முதலில் போட்டுப் பாருங்கள்: மாலிப்டினத்தின் எடைச் சதவீதத்தோடு, வனேடியத்தை 0.67ஆல், இரும்பை 2.9ஆல் பெருக்கிக் கூட்டி, அலுமினியத்தைக் கழிக்க வேண்டும். 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம் உள்ள கலவைக்கு மைனஸ் 3.3 வரும். 10 வனேடியம், 2 இரும்பு, 3 அலுமினியம் உள்ளதற்கு 9.5. தண்ணீரில் குவென்ச் செய்தால் (சூடாக அமிழ்த்தி சட்டென்று குளிரவைத்தால்) பீட்டா முழுக்க நிற்பதற்குச் சுமார் 10 வேண்டும். அந்த எல்லையை ஒட்டி, அரைகுறை நிலைப்போடு நிற்கும் பீட்டாதான் தகைவுக்கு மசியும். அதிலும் வெப்பப்பதம் முக்கியம். பீட்டா எல்லை வெப்பநிலைக்கு (அதற்கு மேலே எல்லாம் பீட்டாவாகிவிடும்) கீழே வைத்து எடுத்த சாம்பிளில் ஆல்ஃபா கொஞ்சம் இருக்கும். மிச்சமுள்ள பீட்டாவில் வனேடியமும் இரும்பும் கூடிவிடுவதால், அதை மாற்ற அதிகத் தகைவு வேண்டும்.

எந்த வகைத் தகைவு என்று சொல்லாமல் எழுதுவது இன்னொரு தவறு. எல்லாப் பக்கமும் சமமாக அமுக்குவது வேறு, ஒரு திசையில் இழுப்பது வேறு. சுத்த டைட்டானியத்தின் ஆல்ஃபாவை அமுக்கினால், அதைவிடச் சற்று நெருக்கமான ஒமேகா என்ற ஃபேஸ் உருவாகும். இதற்குத் தேவையான அழுத்தம் 2 முதல் 12 ஜிகாபாஸ்கல் வரை என்று ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. அழுத்தத்தோடு எவ்வளவு சறுக்குத் தகைவு (அடுக்குகளைப் பக்கவாட்டில் நழுவவைக்கும் தகைவு) கலந்திருந்தது என்பது அதற்கு ஒரு பெரிய காரணம்.

சரி, எனக்கு மிகவும் கவலை தருவது சுமையோடு செய்யும் ஏஜிங்தான், அதாவது சாம்பிளை இழுத்தபடியே மிதமான சூட்டில் நெடுநேரம் வைப்பது. பீட்டாவிலிருந்து ஆல்ஃபா பிறக்கும்போது ஒரு பீட்டா மணிக்குள் (தனித்த ஒரு படிகத் துணுக்குக்குள்) அது 12 திசைகளில் அமைய முடியும். சுமை இருந்தால் அதற்குத் தோதான சில திசைகளே ஓங்கும். இதனால் எக்ஸ்ஆர்டியில், அதாவது எக்ஸ் கதிர் சிதறலை வைத்து ஃபேஸ்களை அடையாளம் காணும் அளவீட்டில், சில முகடுகள் உயரும், சில தாழும். உடனே “தகைவு ஆல்ஃபாவின் அளவைக் கூட்டியது” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அளவு துளியும் மாறாமல் திசை மட்டும் மாறியிருந்தாலும் முகடுகள் அப்படித்தான் தெரியும். சாம்பிளைச் சாய்த்தும் சுழற்றியும் பல கோணங்களில் அளந்து, நுண்ணோக்கிப் படத்தில் ஆல்ஃபாவின் பரப்பையும் கணக்கிட்ட பிறகு பேசுவதே நியாயம்.

ஒப்பிட ஒரு சுமையில்லாத சாம்பிள் கட்டாயம் வேண்டும். அதே உலை, அதே நேரம். தனியாக வைக்க இடமில்லையென்றால், இழுவை சாம்பிளின் தடித்த தலைப்பகுதியை வெட்டிப் பாருங்கள். அதன் வெப்பநிலை நடுப்பகுதியோடு ஒத்திருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டால் போதும். அங்கே தகைவு மிகக் குறைவு.

சாம்பிளைத் தயார் செய்வதிலும் அவசரம் கூடாது. எமரித் தாளில் அழுத்தித் தேய்த்தாலே மேற்பரப்பில் மார்ட்டென்சைட் பிறந்துவிடும். கடைசியில் எலக்ட்ரோ பாலிஷ் (மின்சாரத்தால் மேற்பரப்பைக் கரைத்து மெருகேற்றுவது) செய்து அந்த அடுக்கை நீக்க வேண்டும். காற்றுள்ள உலையில் வைத்திருந்தால் ஆக்சிஜன் புகுந்து தோலில் ஆல்ஃபா கூடியிருக்கும். அதையும் ஆழமாகத் தேய்த்து எடுத்துவிட்டு உள்ளே பாருங்கள்.