டிராப் சி வேண்டுமா? முதலில் கம்பியை மாற்றுங்கள்

கோலாலம்பூரில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஜாமிங் ஸ்டூடியோக்களில் வார இறுதிதோறும் மெட்டல் எனும் கனமான ராக் இசை வாசிக்கப் புதிதாக நம் பிள்ளைகள் வருகிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் அவர்களுக்கு முன்னால் வந்தவர்கள் செய்த பிழைகளையே இவர்களும் செய்கிறார்கள். அதில் ஒன்று, காசையும் மாதக்கணக்கான உழைப்பையும் சேர்த்தே தின்றுவிடுகிறது. சுருதி சேர்க்காமல் வாசிப்பது, பயிற்சியைத் தள்ளிப்போடுவது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுவோம்.

மெல்லிய கம்பியில் கீழ்ச் சுருதி

கடையிலிருந்து வரும் எலெக்ட்ரிக் கிட்டார்கள் பலவற்றில் 9–42 கம்பிச் செட்தான் இருக்கும். மிக மெல்லிய கம்பி 0.009 அங்குலம், தடித்தது 0.042 அங்குலம் என்று பொருள். அது ஈ ஸ்டாண்டர்ட் எனப்படும் வழக்கமான சுருதிக்குப் பொருந்தும். பிடித்த பாட்டு டிராப் சி-யில் (தடித்த ஆறாவது கம்பியை ஈ-யிலிருந்து சி வரை இறக்கி, மற்ற ஐந்தையும் இரண்டு அரைச்சுரம் இறக்கும் சுருதி) இருக்கிறதே என்று, வாங்கிய கையோடு அதே கம்பியைத் தளர்த்திவிடுகிறார்கள்.

ஆறாவது கம்பி ஈ-யில் வினாடிக்கு 82.4 முறை அதிரும், சி-யில் 65.4 முறை. கம்பியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், இந்த நான்கு அரைச்சுர இறக்கத்தில் 37 சதவீத இழுவிசை போய்விடுகிறது. பிறகு என்ன நடக்கும்? பிக்கால் ஓங்கி அடித்ததும் சுருதி மேலே எகிறி மெல்ல இறங்கும். இடக்கை விரல் சற்று அழுத்தினாலும் பவர் கார்ட் (இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்து அடிக்கும் சுரக்கூட்டு) அபசுரமாகும். தொய்ந்த கம்பி அகலமாக ஆடி, கழுத்தில் பதித்த உலோகக் கோடான ஃபிரெட்டில் தட்டும்.

எரிச்சலூட்டுவது இதற்கு அடுத்த கட்டம். ஃபிரெட்டில் தட்டுகிறதே என்று பிரிட்ஜை (கிட்டாரின் உடலில் கம்பிகள் ஊன்றும் பாகம்) உயர்த்துவார்கள், விரல் வலிக்கும். ஒலி மங்கலாக இருக்கிறதே என்று, கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்பை மாற்றுவார்கள், பிறகு ஒலியை மாற்றும் ஒரு பெடல் வாங்குவார்கள். எதுவும் சரிவராமல் கடைசியில் கிட்டாரையே பாதி விலைக்கு விற்பார்கள். கோளாறு 50 ரிங்கிட்டுக்குள் முடிந்திருக்கும்.

அதிலும் ஃபிளாய்ட் ரோஸ் வகை மிதக்கும் பிரிட்ஜ் இருந்தால் பாடு இரட்டிப்பு. பின்பக்கக் குழியில் உள்ள ஸ்பிரிங்குகள் ஒருபுறமும் ஆறு கம்பிகள் மறுபுறமும் இழுத்து அந்த பிரிட்ஜைச் சமநிலையில் வைத்திருக்கின்றன. ஒரு கம்பியைத் தளர்த்தினால் ஸ்பிரிங் வென்று பிரிட்ஜ் பின்னால் சாயும். மற்ற ஐந்தும் சுருதி ஏறும். அவற்றை இறக்கினால் முதலில் சேர்த்தது கெடும். மாலை முழுக்க டியூனர் முன்னால் உட்கார்ந்துவிட்டு, கிட்டார் பழுது என்று முடிவுகட்டுகிறார்கள். முதல் கிட்டாருக்கு அசையாத பிரிட்ஜே போதும். மலிவான மிதக்கும் பிரிட்ஜில் அது ஊன்றி நிற்கும் கத்தி முனை சீக்கிரம் தேயும், தேய்ந்தபின் சுருதி நிற்காது.

பிளாக் சப்பாத் என்ற மெட்டல் குழுவின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமி மெல்லிய கம்பியைத்தானே இறக்கி வாசித்தார் என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். 1965-இல் தகடு வெட்டும் தொழிற்சாலை விபத்தில் அவருடைய வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகள் போயின. அவர் இடக்கைக்காரர், கம்பியை அழுத்தும் கையே வலக்கைதான். வலியில்லாமல் அழுத்த அவருக்குத் தளர்ந்த கம்பி தேவைப்பட்டது. உங்களுக்கு அந்தத் தேவை இல்லை.

டிராப் சி-க்கு ஆறாவது கம்பி 0.056 அங்குலம் வாங்குங்கள். சி-யில் அதன் இழுவிசை, சற்றுத் தடித்த 10–46 செட்டின் 0.046 கம்பி ஈ-யில் தருவதற்கு ஏறத்தாழ இணையாக இருக்கும். மிதக்கும் பிரிட்ஜாக இருந்தால், நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் தாங்கும் கட்டை) உள்ள பூட்டை 3 மில்லிமீட்டர் ஆலன் சாவியால் கழற்றி, பிரிட்ஜில் உள்ள சிறு சுருதித் திருகுகளான ஃபைன் டியூனர்களை நடுவில் நிறுத்துங்கள். பிரிட்ஜின் அடிக்கட்டைக்கும் மரத்துக்கும் இடையே மடித்த அட்டையைச் செருகி, பிரிட்ஜ் கிட்டாரின் மேற்பரப்புக்கு இணையாக நிற்கும்படி செய்யுங்கள். கம்பிகளை ஒவ்வொன்றாக மாற்றிச் சுருதி சேர்த்து, அட்டையை எடுங்கள். பிரிட்ஜ் முன்னால் தூக்கினால் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளையும் கால் சுற்று இறுக்கி, மறுபடி சுருதி சேருங்கள். பின்னால் அமிழ்ந்தால் தளர்த்துங்கள். இணையாக நின்ற பிறகே நட்டைப் பூட்டுங்கள்.

சாதாரண நட் உள்ள கிட்டாரில் 0.056 கம்பி பள்ளத்தில் முழுதாக உட்காருகிறதா என்று பாருங்கள். மேலே ஏறி நின்றால், பள்ளத்தை அரத்தால் அகலப்படுத்தும் வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஆழம் கூடிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டியதுதான். கடைசியாக 12-ஆவது ஃபிரெட்டின் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டினால் வரும் சுரம்) அங்கே அழுத்தி வரும் சுரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால், பிரிட்ஜில் அந்தக் கம்பி உட்காரும் சிறு துண்டான சேடிலைப் பின்னால் தள்ளுங்கள்.

கெயினை முழுதாகத் திருப்புவது

இசைத்தட்டில் கேட்கும் அந்தப் பருத்த ஒலி ஒரு கிட்டாருடையது அல்ல. ஒரே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) இரண்டு முறையாவது வாசித்து இடமும் வலமும் வைத்திருப்பார்கள்; அடியில் பேஸ் கிட்டார் தாங்கும். அதை ஒரே சின்ன ஆம்பில் வரவழைக்கப் பார்த்து, ஒலியைக் கரகரப்பாக்கும் கெயின் குமிழைப் பத்தில் வைக்கிறார்கள், மிடில் குமிழைப் பூஜ்யமாக்குகிறார்கள். அறையில் தனியாக வாசிக்கும்போது அது இனிக்கும். டிரம்ஸ் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போகும். கெயின் 5, மிடில் 5 அல்லது 6, பேஸ் 4 என்று தொடங்குங்கள். புது ரிஃபை முதலில் டிஸ்டார்ஷனே இல்லாமல் வாசியுங்கள். எந்தச் சுரம் விழுங்கப்படுகிறது என்பது அப்போது ஒளியாது.

உள்ளங்கை ஓரத்தைத் தவறான இடத்தில் வைப்பது

கம்பியின் ஒலியை அடக்கி வாசிக்கும்போது (பாம் மியூட்) வலது உள்ளங்கை ஓரம், கம்பி சேடிலைவிட்டு வெளிவரும் இடத்தில் பட வேண்டும். ஒரு சென்டிமீட்டர் முன்னே போனால் வெறும் தட்டல், பின்னே போனால் கம்பி தாராளமாக ஒலிக்கும். மிதக்கும் பிரிட்ஜில் கையின் பாரத்தைப் போட்டால் சுருதியும் ஏறும்.

இடக்கையையே கவனிப்பது

மெட்டல் ரிதம் பெரும்பாலும் வலக்கை வேலை. உறுமி மேளக் குழுவில் அடித்துப் பழகியவர்கள் கிட்டாரை எடுத்தால் இதைச் சொல்லாமலே புரிந்துகொள்கிறார்கள். மற்றவர்கள் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 70-இல் வைத்து, ஒரு துடிப்புக்கு இரண்டு கீழ்நோக்கிய அடி அடியுங்கள். மணிக்கட்டு இறுகாமல் இரண்டு நிமிடம் தாங்கினால் மட்டும் வேகத்தில் 4 கூட்டுங்கள்.

வலியோடு வாசிப்பது

விரல் நுனி எரிந்தால் பழகிவிடும். மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலித்தால் அன்றைக்கு நிறுத்துங்கள்.

கம்பியைத் துடைக்காமல் வைப்பது

நம் ஊர் ஈரப்பதத்தில் வியர்வை பட்ட கம்பி விரைவில் துருப்பிடிக்கும். உலர்ந்த துணி போதும்.

ஹெட்ஃபோனைத் தவறான துளையில் செருகுவது

அடுக்குமாடி வீட்டில் இரவில் வாசிக்க ஹெட்ஃபோன் வேண்டும்தான். ஆனால் ஆம்பின் பின்னால் ஸ்பீக்கருக்கென்று இருக்கும் துளையில் அதைச் செருகினால் ஹெட்ஃபோன் கருகும், காதும் கெடலாம். வால்வு ஆம்பாக இருந்தால் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வாசிக்கவே கூடாது; அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும்.