கடலோர மணல் தோட்டத்தில் கொத்தனார் தேனீ வளர்ப்பது எப்படி?

உச்சிப்புளியில் எங்கள் வீட்டுத் திண்ணைச் சுவரில் பழைய சுவிட்ச் போர்டு ஒன்று உண்டு. இணைப்பு துண்டித்து வருஷக்கணக்காகிறது. ஒரு நாள் பார்த்தால், அதன் ஓட்டைகளை யாரோ மண் குழைத்துப் பூசி அடைத்த மாதிரி இருந்தது. "குளவி கூடு கட்டியிருக்குய்யா, தட்டி விடு" என்றார் அப்பத்தா. தட்ட மனம் வராமல் காலை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். வந்தது குளவி இல்லை, தேனீ. மார்பில் செம்பழுப்பு மயிர், வயிற்றுக்கு அடியில் அப்பிய மஞ்சள் மகரந்தம். குளவியாக இருந்தால் சிலந்தியையோ பச்சைப் புழுவையோ தூக்கிக்கொண்டு வரும். இந்த வித்தியாசம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இதைக் கொத்தனார் தேனீ என்று சொல்லலாம். மெகாசைலி என்ற பேரினத்தைச் சேர்ந்தது. ராணி கிடையாது, கூட்டம் கிடையாது, நமக்குத் தேனும் கிடைக்காது. ஒவ்வொரு பெண் தேனீயும் தனக்கென ஒரு குழலைப் பிடித்து, தானே மண் சுமந்து அறை கட்டும். கையில் பிடித்து நசுக்கினால் ஒழியக் கொட்டாது என்பதால், குழந்தைகள் இருக்கும் வீட்டிலும் தைரியமாக வைக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. மேசன் தேனீ என்று இணையப் படங்களில் வரும் ஆஸ்மியா இனங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டைச் சேர்ந்தவை. மாதக்கணக்கில் குளிரில் உறங்கி எழுந்தால்தான் அவற்றின் வாழ்க்கைச் சுழற்சி நடக்கும். ராமநாதபுரம் வெயிலுக்கு அவை சரிப்படாது. எந்தத் தேனீயையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். இடம் கொடுத்தால் நம் ஊர்த் தேனீ தானாக வரும்.

முதலில் குழல். மூங்கில் அல்லது நாணல் போதும். உள்விட்டம் 6 முதல் 8 மில்லிமீட்டர், அதாவது பென்சில் நுழையும் அளவு. நீளம் 15 சென்டிமீட்டர், பள்ளிப் பிள்ளைகளின் சின்ன ஸ்கேல் அளவு. ஒரு முனையில் கணு அப்படியே அடைத்திருக்க வேண்டும். திறந்த முனையை உப்புத்தாள் போட்டு வழவழப்பாகத் தேய்த்துவிடுங்கள், சிம்பு இருந்தால் இறக்கை கிழியும். பிளாஸ்டிக் ஸ்ட்ரா கூடவே கூடாது. ஈரம் வெளியேறாமல் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

நீளத்தில் ஏன் இவ்வளவு கறார்? தாய்த் தேனீ மகரந்தத்தையும் கொஞ்சம் பூந்தேனையும் பிசைந்து வைத்து, அதன்மேல் ஒரு முட்டை இட்டு, மண்சுவர் எழுப்பி அறையை மூடும். அடுத்த அறை, அடுத்த முட்டை, இப்படியே வாசல் வரை. உள்ளே ஆழத்தில் பெண் முட்டைகள், வாசல் பக்கம் ஆண் முட்டைகள். எது பெண், எது ஆண் என்பதைத் தாயே தீர்மானிக்கிறது: கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும். குழல் குட்டையாக இருந்தால் ஆண்கள்தான் அதிகம் பிறக்கும். கூடு கட்டுவதும் மகரந்தம் சுமப்பதும் பெண்கள் மட்டுமே. அப்புறம் தோட்டத்துக்கு என்ன லாபம்?

அடுத்தது மண். இதற்குத்தான் நான் அதிகம் மெனக்கெடுவேன். மண்டபம், பாம்பன், தேவிபட்டினம் என்று நம் கரையோரத்தில் பூவுக்குப் பஞ்சமில்லை. ஆவாரையும் கொளுஞ்சியும் தும்பையும் தானாக முளைக்கின்றன. ஆனால் காலடியில் கடல் மணல். அது உருண்டை பிடிக்காது, சுவருக்கு ஒட்டாது. கண்மாயில் கொஞ்சம் களிமண் அள்ளி வந்து, பழைய மண்சட்டியில் போட்டு, நல்ல தண்ணீர் விட்டுக் குழைத்து, கூட்டிலிருந்து பத்தடி தூரத்தில் நிழலில் வையுங்கள். உப்புத் தண்ணீரில் குழைத்த மண் காய்ந்ததும் பொரிந்து உதிரும். கோடையில் தினம் காலையில் ஒரு கை தண்ணீர் தெளித்தால் சட்டி காயாது.

சரி, எங்கே கட்டுவது? பதினைந்து இருபது குழல்களை ஒரு கட்டாகக் கட்டி, கிழக்கு அல்லது தென்கிழக்குப் பார்த்த சுவரில், தாழ்வாரத்துக்கு அடியில், நெஞ்சுயரத்தில் பொருத்துங்கள். காலை வெயில் படட்டும், மதிய வெயில் வேண்டாம். கம்பி உப்புக் காற்றில் துருப்பிடித்து அறும், நைலான் வலைக்கயிறு தாங்கும். முதல் வருஷம் நான் இரண்டு பக்கமும் திறந்த மூங்கிலை முருங்கை மரத்தில் தொங்கவிட்டேன். கச்சான் காற்றில் அது ஆடிக்கொண்டே இருந்தது. குடியேறிய ஒரே தேனீயின் அறைகளையும் எறும்பு காலி செய்துவிட்டது. கூடு அசையக் கூடாது. கம்பில் பொருத்தினால், கம்பைச் சுற்றிக் கிரீஸ் தடவிய துணியைக் கட்டுங்கள், எறும்பு ஏறாது.

தோட்டத்தில் ஓரமாகத் துவரையும் சணப்பும் போடுங்கள். இந்தத் தேனீக்கு அவரைக் குடும்பப் பூக்கள் மிகவும் பிடிக்கும். ரோஜா இலையில் அரைவட்டமாக வெட்டியிருந்தால் பதற வேண்டாம், அது இதன் உறவுக்கார இலைவெட்டித் தேனீயின் வேலை, செடி சாகாது. கத்தரிக்கும் தக்காளிக்கும் மட்டும் இதை நம்பியிருக்காதீர்கள். அந்தப் பூக்களில் அதிர்வு கொடுத்து மகரந்தம் உதிர்ப்பவை கருவண்டு என்கிற தச்சுத் தேனீயும் நீலப் பட்டைத் தேனீயும். பூச்சிமருந்து அடித்தால் குழலில் முட்டை வைத்ததெல்லாம் வீணாகும்.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, தை பிறந்ததும் குழல் கட்டுவது நல்லது. வாசல் மண்ணால் மூடிய குழலில் சாக்பீஸால் தேதி எழுதி வையுங்கள். திறந்து பார்க்கவோ ஆட்டவோ வேண்டாம். நம் வெப்பத்தில் வருஷத்துக்குச் சில தலைமுறைகள் வரும். மண் அடைப்பில் வட்டமாக ஓட்டை விழுந்தால் பிள்ளைகள் வெளியே வரத் தொடங்கிவிட்டன என்று பொருள். முதலில் ஆண்கள், பிறகு பெண்கள். இரண்டு வாரம் பொறுத்து அந்தக் குழலைக் கழற்றி எரித்துவிட்டு, அதே இடத்தில் புதுக் குழல் ஒன்றைச் செருகுங்கள். பழையதில் உண்ணிகளும் பூஞ்சையும் தங்கியிருக்கும்.