சான் ஃபிரான்சிஸ்கோவில் வீடு பார்க்கும் முன் வெயிலைப் பாருங்கள்

சான் ஃபிரான்சிஸ்கோவில் வாடகை வீடு தேடுபவர்கள், ஜூலை அல்லது ஆகஸ்டில் மாலை நான்கு மணிக்குமேல் அந்தத் தெருவில் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பது நல்லது. பசிபிக் கடலிலிருந்து வரும் மூடுபனி கோடையில்தான் மேற்குப் பகுதிகளை அதிகம் சூழ்கிறது. செப்டம்பர், அக்டோபரில் போய்ப் பார்த்தால் ஊர் முழுவதும் வெயிலாகத் தெரிந்து ஏமாற்றிவிடும். மேற்கே கடலோரமாக உள்ள ‘சன்செட்’ பகுதியில், அதன் பெயரை நம்பிக் குடியேறியவர்களுக்குச் சூரியன் மறைவதே தெரியாத கோடை மாலைகள் பல உண்டு.

நகரின் நடுவே சுமார் 920 அடி உயரத்தில் நிற்கும் ட்வின் பீக்ஸ் குன்றுகள் பனியைப் பெருமளவு தடுத்துவிடுவதால், அவற்றுக்குக் கிழக்கே உள்ள மிஷன், நோயி வேலி, பொட்ரெரோ ஹில் ஆகிய பகுதிகளில் வெயில் கூடுதலாகக் கிடைக்கிறது. புதிதாக நண்பர்களைத் தேடும் தனியாளுக்கு என் பரிந்துரை மிஷன்தான்: வலென்சியா தெருவின் காப்பிக் கடைகளும் மதுக்கூடங்களும் நடக்கும் தூரத்தில் இருக்கும், வெயிலடிக்கும் சனிக்கிழமைகளில் டொலோரஸ் பூங்காவின் புல்சரிவில் போர்வை விரிக்க இடம் தேட வேண்டியிருக்கும். அந்தக் கலகலப்பே இரவில் தூக்கத்தைக் கெடுக்கக்கூடும் என்பதால், தெருவைப் பார்த்த படுக்கையறையைத் தவிர்க்கலாம். குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு, சீக்கிரமே அடங்கிவிடும் நோயி வேலி பொருந்தும்.

இங்குள்ள பழைய வீடுகள் பல பக்கச்சுவர் ஒட்டிக் கட்டப்பட்டவை; வெளிச்சம் பெரும்பாலும் முன்னும் பின்னும் மட்டுமே வரும். ஆகவே தெற்கு நோக்கிய சன்னல் இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.