தாம்பூலப் பை தைத்து லாபம் பார்ப்பது எப்படி: அல்சூரிலிருந்து ஒரு கணக்கு

பெங்களூரில் வீட்டிலிருந்தபடியே தைத்து விற்க முனைபவர்கள் பெரும்பாலும் கைப்பை, புடவை உறை, மேசை விரிப்பு, குழந்தைச் சட்டை என்று பல வகைகளோடு தொடங்குகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் துணி, தனி ஜிப், தனி அளவு என்று வாங்கிக் குவிப்பதிலேயே கைமுதல் முடங்கிவிடுகிறது. ஒரே பொருளைப் பிடித்துக்கொண்டு அதன் கணக்கைக் கரைத்துக் குடித்தவருக்குத்தான் இதில் காசு நிற்கும் என்பது என் துணிபு. நான் தைப்பது தாம்பூலப் பை. கல்யாணம், வளைகாப்பு, புதுமனை புகுவிழா, கொலு என்று எதற்கும் அது நூற்றுக்கணக்கில் தேவைப்படுகிறது. ஒரு வீட்டில் கொடுத்த பை நூறு வீடுகளுக்குப் போய்ச் சேர்வதால் விளம்பரச் செலவும் இல்லை.

துணிக்குச் சிக்பேட்டைதான். நான் இருக்கும் அல்சூரில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்துக்கு மாறினால் அடுத்த நிலையமே அது. பை அகலத்தை வாங்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். நான் இதில் ஒருமுறை நன்றாக ஏமாந்தேன். ஏமாற்றியவர் யாருமில்லை, என் கணக்கேதான். 44 அங்குல அகலத் துணியில் 11 அங்குலமாக வெட்டினால் குறுக்கே நான்கு துண்டு வரும் என்று தாளில் போட்டு வைத்துக்கொண்டு 10 மீட்டர் பருத்தித் துணியை நனைத்துக் காயவைத்தேன். காய்ந்தபின் அகலம் நாற்பத்திரண்டரைதான் இருந்தது. குறுக்கே மூன்று துண்டுகளே வந்தன; மிச்சம் வீணான பட்டை. ஒரு துண்டு ஒரு பை. துண்டின் நீளம் 26 அங்குலம் என்பதால், நனைத்துச் சுருங்கிய துணியில் நீளவாட்டில் 14 வரிசை கிடைத்தது. ஆக, குறுக்கே நான்கு வந்திருந்தால் 56 பைகள் கிடைத்திருக்க வேண்டிய இடத்தில் 42. இப்போது 10 அங்குலமாகத்தான் வெட்டுகிறேன். நனைத்த துணியிலும் நான்கு துண்டு தாராளமாக வருகிறது. இந்தக் கணக்கில் 100 பைக்கு 18 மீட்டர் வாங்க வேண்டும்.

ஓர் அங்குலம் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்காக விலையையும் சொல்கிறேன். மீட்டர் 110 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 56 பை வரும்போது ஒரு பைக்குத் துணிச் செலவு ஏறக்குறைய 20 ரூபாய். கைப்பிடிக்கும் நூலுக்கும் 5, நனைத்து இஸ்திரி போட்டு எடுத்துச் செல்ல 4. மணிக்கு ஆறு பை தைக்கலாம். என் கூலி மணிக்கு 90 ரூபாய் என்றால் பைக்கு 15. ஆக மொத்தம் 44. நான் 55 ரூபாய்க்குக் கொடுத்தால் நிற்பது 11. அதுவே 42 பையாகக் குறையும்போது துணிச் செலவு பைக்கு ஆறரை ரூபாய் கூடி, லாபம் நாலரை ரூபாயாகச் சுருங்கிவிடுகிறது. இந்தக் கணக்கில் பலர் விட்டுவிடுவது அந்த 15 ரூபாயைத்தான். ‘வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே’ என்று கூலியைச் சேர்க்காதவர், ஆர்டர் பெருகி உதவிக்கு ஓர் ஆளை வைத்த அன்றே நட்டத்தில் விழுவார்.

கடையில் வைத்து விற்க ஆசைப்பட்டால் விலையைத் தனியாகப் போட வேண்டும். கடைக்காரர் 35 சதவீதம் எடுத்துக்கொண்டால் 55 ரூபாய்ப் பையில் நமக்கு வருவது 36 ரூபாய்க்கும் குறைவு, அடக்கமே 44.

தைப்பதில் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். துண்டை நடுவில் மடித்தே பையாக்குவதால் அடியில் தையல் இராது. பக்கங்களுக்கு இரட்டைத் தையல் போட்டு, அடி மூலைகளைக் குறுக்கே தைத்துவிட்டால் தேங்காய் சாயாமல் உட்காரும். கைப்பிடி சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறி போடுங்கள். முதல் பையில் தேங்காய் ஒன்றைப் போட்டு ஆணியில் இரவு முழுவதும் தொங்கவிட்டு, காலையில் தையல் வாய் பிளக்காமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்றவற்றைத் தொடுகிறேன். ஒவ்வொரு பையாக முடிக்காமல், எல்லா வாய்களையும் மடித்துத் தைத்து, பிறகு எல்லாக் கைப்பிடிகள், பிறகு பக்கங்கள் என்று போனால்தான் மணிக்கு ஆறு என்ற கணக்கு நிற்கும்.

ஆடியில் தமிழர் வீட்டுக் கல்யாணங்கள் இல்லை என்பதால் அம்மாதத்தில் வருமானம் படுத்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. இந்த ஊரில் வரமகாலட்சுமி நோன்பைக் கன்னடக் குடும்பங்கள் மிக விமரிசையாகக் கொண்டாடுகின்றன. அதைத் தொடர்ந்து நவராத்திரி வருகிறது. ஆடியில் அவற்றுக்காகத் தைத்து அடுக்குவதே என் வழக்கம்.

பதிவு விஷயத்தில் இரண்டைச் சொல்லலாம். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். அதற்குக் கட்டணம் கேட்கும் தரகர்களிடம் போக வேண்டாம். சரக்கு விற்பனைக்கு ஆண்டு வரவு 40 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு பொதுவாகத் தேவையில்லை. ஆனால் ஓசூர் அடுத்த மாநிலம் என்பதை மறந்துவிடக் கூடாது. வெளிமாநில விற்பனைக்கு இந்த வரம்பு பொருந்தாது; கைவினைப் பொருளென அறிவிக்கப்பட்ட சிலவற்றுக்கு மட்டும் தனிச் சலுகை உண்டு. எனவே அங்கே அனுப்பத் தொடங்குமுன் கணக்காளர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். தையல்காரர்களும் சேரக்கூடிய, கைவினைஞர்களுக்கான மத்திய அரசின் பிஎம் விஸ்வகர்மா திட்டத்தில் கருவிகளுக்கு 15,000 ரூபாயும் முதல் தவணைக் கடனாக ஒரு லட்சம் வரையும் கிடைக்க வழியுண்டு.

ஆர்டர் எடுக்கும்போது மாதிரிப் பையைக் கையில் கொடுத்து, துணியின் நிறத்தையும் தேதியையும் எழுதி வாங்கி, பாதித் தொகையை முன்பணமாகப் பெற்ற பிறகே துணி வாங்கக் கிளம்புங்கள். உறவுக்காரர் என்றாலும் இது பொருந்தும். உண்மையில் அவர்களிடம்தான் கண்டிப்பாகப் பொருந்தும். நூறு பை கேட்டால் நூற்றைந்து தைக்கிறேன். முகூர்த்தத்துக்கு முதல்நாள் இரவு, ‘அக்கா, இன்னும் நாலு பை கிடைக்குமா?’ என்று தொலைபேசி வராத கல்யாணத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.