பெண்ணின் உச்சம்: படுக்கையறையில் நடக்கும் தப்புக் கணக்குகள்

வேலூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு நடை போனால் போதும், லாட்ஜ் வைத்தியர்களின் நோட்டீஸ் கண்ணில் படும். நரம்புத் தளர்ச்சி, விந்து முந்துதல், சிறுத்துப் போதல் என எல்லாமே ஆணைப் பற்றியது. அவன் அதிக நேரம் தாக்குப்பிடித்தால் அவளுக்கு உச்சம் தானாக வந்துவிடும் என்று அந்த நோட்டீஸ் சொல்லாமல் சொல்கிறது. முதல் தவறே அதுதான்.

பெண்ணின் இன்ப உணர்வுக்கு முக்கியமான உறுப்பு கிளிட்டோரிஸ். சிறுநீர்த் துவாரத்துக்கு மேலே, உள் இதழ்கள் சேரும் இடத்தில் சின்ன மொட்டாகத் தெரிவது அதன் நுனி மட்டுமே. மீதி உள்ளே போய், யோனியின் இரு பக்கமும் கால் விரித்தாற்போல் படர்ந்திருக்கிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஹெலன் ஓகானல் இதை விளக்கமாக எழுதியது 1998-ல். யோனியின் உள்பகுதியிலோ தொடு உணர்ச்சி குறைவு. அதனால் உறவு மட்டும் எவ்வளவு நேரம் நீண்டாலும் பலருக்கு உச்சம் வருவதில்லை. அமெரிக்காவில் ஆயிரத்துச் சொச்சம் பெண்களிடம் கேட்டு 2017-ல் வெளியான ஆய்வில், உறவு மட்டுமே போதும் என்றவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர்தான். மற்றவர்களிடம் எந்தக் குறையும் இல்லை. யோனி வழியாக வரும் உச்சமே பக்குவப்பட்ட பெண்ணுக்கு அடையாளம் என்று 1905-ல் மனநல மருத்துவர் ஃபிராய்டு எழுதி வைத்தார். அதை நம்பி எத்தனை பெண்கள் தங்களையே நொந்துகொண்டார்களோ!

அடுத்தது, கடைசி நேரத்தில் வேகத்தை மாற்றுவது. அவள் மூச்சு வாங்குகிறாள், தொடை இறுகுகிறது, "அப்படியே" என்கிறாள். ஆணுக்கு அது "இன்னும் வேகமா" என்று காதில் விழும். அழுத்திவிடுவான், இல்லையென்றால் வேறு நிலைக்கு மாறுவான். கூடிவந்தது அங்கேயே கலைந்துவிடும். "அப்படியே" என்றால் அதே இடம், அதே அழுத்தம், அதே தாளம். ஆரம்பத்திலேயே நுனியை நேரடியாகத் தேய்ப்பதும் சிலருக்குக் கூச்சமாக, வலியாகக்கூட இருக்கும். சுற்றிலும் மெதுவாகத் தொடங்குவது நல்லது. அவள் கையைப் பிடித்துக் காட்டினால் அதைக் குத்தமாக எடுத்துக்கொள்ளாமல் இருக்கத் தெரிய வேண்டும்.

ஆசை முதலில் வரும், மற்றதெல்லாம் பிறகு வரும் என்று நினைப்பதும் தப்பு. பல பெண்களுக்கு, நீண்ட நாள் சேர்ந்து வாழ்பவர்களுக்கு முக்கியமாக, தொடுதலும் நெருக்கமும் தொடங்கிய பிறகே ஆசை எழும் என்று கனடா மருத்துவர் ரோஸ்மேரி பாஸன் 2000-ல் விளக்கினார். அவள் மனசு அதற்கு இசைந்திருக்க வேண்டும் என்பது அதில் அடக்கம். வேண்டாம் என்றவளைத் தொட்டால் ஆசை வந்துவிடும் என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ள முடியாது.

மனசு எப்படி இசையும்? ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை முடிந்து வருகிறாள். சோறாக்கி, பாத்திரம் துலக்கி, பிள்ளைகளைத் தூங்க வைத்துப் படுக்கும்போது பத்தரை. கத்திரி வெயிலில் சுட்ட தளம் ராத்திரியிலும் அனலடிக்கிறது. தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமியார் இருமுகிறார், கதவில் தாழ்ப்பாள் சரியாக விழாது. காது முழுக்க அங்கே இருக்கும்போது உடம்பு எங்கே இளகும்? இந்த வீட்டில் தாழ்ப்பாளைச் சரிசெய்வதும், பாத்திரத்தைக் கணவர் துலக்குவதும் லேகியத்தைவிடப் பலன் தரும் என்பது என் கட்சி. "அவருக்கு முடிஞ்சா தண்ணி குடிச்சிட்டுத் திரும்பிப் படுத்துடுவாருக்கா, நான் இன்னா சொல்றது" என்று கேட்கும் பெண்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவருக்கு முடிந்ததும் எல்லாம் முடிந்துவிடவில்லை, கையும் வாயும் இருக்கின்றன.

ஈரம் சுரந்தால் சம்மதம் என்றோ, சுரக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது. உடம்பு தன்பாட்டுக்குச் சுரக்கும். பால் கொடுக்கும் மாதங்களிலும் மாதவிடாய் நின்ற பிறகும், எவ்வளவு ஆசை இருந்தாலும் வறண்டிருக்கலாம். அதற்கு மெடிக்கல் ஷாப்பில் ஜெல் கிடைக்கிறது. ஆணுறை போடுபவர்கள் தேங்காய் எண்ணெய் பக்கமே போகக் கூடாது, ரப்பர் நைந்து கிழிந்துவிடும். தண்ணீர் அடிப்படையில் செய்த (water-based) ஜெல் என்று பார்த்து வாங்கலாம்.

பெண்கள் உச்சம் வந்ததுபோல் நடிப்பதும் உண்டு. அவர் மனசு கோணக் கூடாது என்றுதான் செய்கிறார்கள், ஆனால் பலிக்காத வழியையே அவர் மறுபடி மறுபடி பிடித்துக்கொள்வார். "வந்துச்சா, வந்துச்சா" என்று நச்சரிப்பதுதான் பல பேரை நடிக்க வைக்கிறது என்பதையும் ஆண்கள் தெரிந்துகொண்டால் தேவலை.

வலி வேறு விஷயம். உறவின்போது தொடர்ந்து வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டிருக்காமல் மகளிர் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வேலூர் பக்கம் இருப்பவர்கள் அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியில் காட்டலாம். முன்பு வந்த உச்சம் திடீரென வராமல் போனால், சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் கொண்டுபோங்கள். மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள் உச்சத்தைத் தள்ளிப்போடும், சர்க்கரை நோயும் பாதிக்கலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைத்தோ வேறு மருந்து மாற்றியோ பார்ப்பார்.