பரிவு வற்றிப்போச்சு என்று நினைக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

பையன் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்து நின்றான். சைக்கிளிலிருந்து விழுந்திருக்கிறான். தோல் உரிந்த இடத்தில் ஜல்லிப்பொடி ஒட்டியிருந்தது, ரத்தம் வழிந்து சாக்ஸ் வரைக்கும் இறங்கியிருந்தது. ஒன்பது வயது. "எரியுதும்மா" என்றான். நான் அடுப்பைப் பார்த்தபடியே, "இதுக்கெல்லாமா அழுவாங்க? போய்க் குழாயில கழுவிக்கோ" என்றேன். அவன் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான்.

அன்று காலையில் தாடைப் புற்றுநோய் வந்த ஒருவருக்கு டிரெஸ்ஸிங் செய்துவிட்டு வந்திருந்தேன். அந்த வலிக்கு முன்னால் இது என்ன வலி என்ற கணக்கு எனக்கே தெரியாமல் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. இருமலா, தலைவலியா, மாமியாரின் மூட்டுவலியா, எது வந்தாலும் அந்தத் தராசில்தான் ஏறியது. எதுவும் தேறவில்லை.

வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பாலியேட்டிவ் கேரில், அதாவது தீராத நோயில் இருப்பவர்களின் வலியையும் சிரமத்தையும் குறைக்கும் நோய் ஆதரவு சிகிச்சையில், செவிலியராகப் பதினான்கு வருடமாக இருக்கிறேன். மேலே சொன்னது ஆறாவது வருடத்தில் நடந்தது. அதிலிருந்து மீண்டு வர எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதில் பாதிக் காலம் தப்பான வழியில் போனதால் வீணானது. அந்தத் தவறுகளையே இன்று இளம் செவிலியர்களிடமும், படுக்கையில் இருக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் மகள்களிடமும் மருமகள்களிடமும் பார்க்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் தவறு, இதைக் குணக்கேடு என்று எடுத்துக்கொள்வது. "நான் கல்நெஞ்சுக்காரி ஆயிட்டேன்" என்று ஒரு சிஸ்டர் என்னிடம் அழுதிருக்கிறாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தக் குற்ற உணர்ச்சியில் இன்னும் இரண்டு வீடு சேர்த்து ஏற்றுக்கொண்டேன், ஞாயிற்றுக்கிழமையும் போனேன். புண்ணில் மண்ணைப் போட்டு மூடிய மாதிரி ஆனது. இது குணம் சம்பந்தப்பட்டதே இல்லை. 1992-ல் அமெரிக்காவில் செவிலியர்களுக்கான இதழ் ஒன்றில் கார்லா ஜாய்ன்சன் இதைப் பற்றி எழுதியபோது 'கம்பேஷன் ஃபட்டீக்' என்ற பெயரைப் பயன்படுத்தினார். உளவியலாளர் சார்லஸ் ஃபிக்லி 1995-ல் அதை விரித்து, மனம் அடிபட்டவர்களோடு வேலை செய்கிற எல்லோருக்கும் வரக்கூடிய ஒன்று என்று விளக்கினார். தமிழில் பரிவுச் சோர்வு என்று சொல்லலாம். பரிவே இல்லாதவருக்கு இது வராது.

இதையும் வேலைப்பளுச் சோர்வையும் ஒன்றாகக் குழப்புகிறவர்கள் நிறைய. ஆள் பற்றாக்குறை, ஓயாத ஷிஃப்ட், மதிப்பில்லாத வேலை என்று மெல்ல மெல்ல அரித்துக்கொண்டே வருவது ஒன்று. வங்கியில் வேலை பார்ப்பவருக்கும் அது வரும். அடுத்தவர் துன்பத்தைத் தினமும் கிட்ட நின்று பார்த்துப் பார்த்து, அது நம் தூக்கத்துக்குள்ளும் சாப்பாட்டுக்குள்ளும் வந்துவிடுவது வேறொன்று. இரண்டும் சேர்ந்தே வரலாம். ஆனால் முதலாவதற்கு வேலை நேரம் குறைந்தால் பாதி சரியாகும், இரண்டாவதற்கு அது மட்டும் போதாது. நமக்கு எது என்று பார்த்துக்கொள்ள உளவியலாளர் பெத் ஸ்டாம் உருவாக்கிய 30 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கடந்த 30 நாட்களை வைத்துப் பதில் சொல்ல வேண்டும். நோய் இருக்கிறதா இல்லையா என்று அது தீர்ப்பு சொல்லாது, கண்ணாடி மாதிரி நம் நிலைமையைக் காட்டும், அவ்வளவுதான். அந்தக் கேள்விகளில் ஒரு பகுதி, இந்த வேலையில் நமக்குக் கிடைக்கும் நிறைவைப் பற்றியது. அதை யாரும் கவனிப்பதில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மனசை மூடிக்கொள்வது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு, அதனால் இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சீனியர்கள் எனக்குக் கொடுத்த அறிவுரை இதுதான்: "ரொம்ப ஒட்டாத. வேலையை முடிச்சியா, வந்தியான்னு இரு." அப்படியே செய்தேன். நோயாளியின் முகத்தைப் பார்ப்பதை விட்டேன். படுக்கைப்புண்ணின் அகலம், ஆழம், சீழ், அது மட்டும்தான் கண்ணில் பட்டது. முதல் இரண்டு மாதம் லேசாக இருந்தது. அப்புறம் எதுவுமே பிடிக்காமல் போனது. மனசுக்கு ஒரே ஒரு கதவுதான். துன்பம் வராதபடி அதைச் சாத்தினால் சந்தோஷமும் வெளியிலேயே நின்றுவிடுகிறது. முழங்காலில் ரத்தத்தோடு நின்ற பையனும் அந்தக் கதவுக்கு வெளியில்தான் நின்றான்.

மூளை ஆய்வாளர்களான டானியா சிங்கரும் ஓல்கா கிளிமெக்கியும் நடத்திய ஆய்வைப் பற்றி ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. துன்பப்படுகிறவர்களின் வீடியோக்களைக் காட்டி, முதலில் அந்த வலியைத் தன் வலியாகவே உணரும் பயிற்சியைக் கொடுத்தார்கள். பார்த்தவர்களின் மனம் இன்னும் கனத்துப்போனது. பிறகு அதே ஆட்களுக்கு, அவர் நலம் பெற வேண்டும் என்ற பரிவை வளர்க்கும் பயிற்சியைக் கொடுத்தார்கள். கனம் இறங்கியது, நல்லுணர்வு கூடியது, மூளையில் வேலை செய்த பகுதிகளும் வேறாக இருந்தன. ஆக, நம்மைத் தின்பது பரிவு இல்லை. அடுத்தவர் வலிக்குள் நாமும் போய்ப் படுத்துக்கொள்வதுதான் தின்கிறது. பரிவுச் சோர்வு என்ற பெயரே தப்பு என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். எனக்கு அவர்கள் பேச்சில் நியாயம் தெரிகிறது.

நடைமுறையில் இதை எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். வண்டியை நிறுத்தியதும் உடனே உள்ளே போவதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையிலோ படியிலோ இரண்டு பாதமும் தரையில் பதிய நிற்பேன். மூன்று மூச்சு. வெளியே விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும். "வலி அவருடையது. இந்த அரை மணி நேரம் என்னுடையது. அவருக்கு நல்லது நடக்கட்டும்" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். ஒரு நிமிடம்கூட ஆகாது. உள்ளே போனதும் முதலில் முகத்தைப் பார்ப்பேன், புண்ணை அப்புறம். அழுகிற மகளின் கையைப் பிடித்துக்கொள்வேன். அவள் அழுது முடிக்கிற வரைக்கும் என் பாதம் தரையில் இருக்கிறதா என்று ஒரு ஓரத்தில் கவனித்துக்கொண்டே இருப்பேன். கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். எனக்கு இதுதான் கரை.

வாசலைக் கடக்காமல் வீட்டுக்கு வருவது

உள்ளே போவதற்கு ஒரு வழி இருக்கிற மாதிரி வெளியே வருவதற்கும் ஒன்று வேண்டும். நம் ஊரில் துக்க வீட்டுக்குப் போய் வந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, கட்டியிருந்த துணியை நனைத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவோம். எனக்குத் தீட்டில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தக் குளியல் மனசுக்குச் செய்யும் வேலையை நம்புகிறேன். அங்கே நடந்தது அங்கே, இனி இது என் வீடு என்று உடம்புக்குப் புரிய வைக்கிறது. செவிலியர்கள் நாங்கள் தினமும் துக்க வீட்டுக்குப் போகிறோம், ஒரு நாளும் அப்படிக் குளித்துவிட்டு வருவதில்லை. வண்டியில் வரும்போதே அடுத்த நோயாளியின் மகன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டுக்கொண்டு வருகிறோம்.

இப்போது நான் வாசல் குழாயில் கை, கால், முகம் கழுவி, யூனிஃபார்மை மாற்றிய பிறகுதான் யாரோடும் பேசுவேன். பத்து நிமிடம் ஆகும். பிள்ளைகளுக்குத் தெரியும், அதுவரைக்கும் காத்திருப்பார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் நோயாளிக் குடும்பங்களின் அழைப்பு முறைவைத்து ஒருவர் கைக்குப் போகிறது. வாரத்தில் ஒரு நாள் அது என்னுடையது, மற்ற ஆறு நாள் இல்லை. இந்த ஏற்பாட்டுக்காக அலுவலகத்தில் மூன்று மாதம் பேச வேண்டியிருந்தது. பேசுங்கள். மூச்சுப் பயிற்சியும் தியானமும் ஆளுக்கு இத்தனை வீடு என்ற எண்ணிக்கையைக் குறைத்துவிடாது. நிர்வாகம் செய்ய வேண்டியதையும் சேர்த்து நம் மனவலிமையின் தலையில் ஏற்றிக்கொள்வதும் ஒரு தவறுதான்.

நீண்ட விடுப்புக்காகக் காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நானும் கொடைக்கானலுக்கு நான்கு நாள் போனேன். இரண்டாவது நாள் ஏரிக்கரையில் நின்றபடி ஒருவருக்கு வலிக்கான மார்ஃபின் மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். ஊருக்குத் திரும்பிய திங்கட்கிழமையே பழைய கனம். போகாதீர்கள் என்று சொல்லவில்லை. தினமும் கொஞ்சம் இறக்கி வைக்காததை வருடத்துக்கு ஒரு முறை மொத்தமாக இறக்க முடியாது.

இதற்கு நேர் எதிர்த் தவறும் உண்டு. சுயபராமரிப்பு என்று கேட்டதும் காலை ஐந்து மணி யோகா, நடைப்பயிற்சி, சியா விதை, நன்றி நாட்குறிப்பு என்று பட்டியல் போட்டு, பத்தாவது நாள் விட்டுவிட்டு, 'இதையும் என்னால் செய்ய முடியவில்லை' என்று இன்னொரு பாரத்தைச் சேர்த்துக்கொள்வது. ஒன்றே ஒன்றை எடுங்கள். நான் எடுத்தது, மதியச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிடுவது. அதுவரை வண்டி சீட்டில் டிபன் டப்பாவை வைத்து நின்றபடியே இரண்டு இட்லியை விழுங்கிவிட்டு ஓடுவேன். நிழலில் உட்கார்ந்து, போனைப் பையில் போட்டுவிட்டு, பதினைந்து நிமிடம். ஒரு மாதம் கழித்துத் தூக்க நேரத்தைப் பிடித்தேன். மற்றவை தானாகவே வந்தன. சில வரவே இல்லை, பரவாயில்லை.

சொல்லக் கூடாதபடி சொல்வது

யாரிடமும் சொல்லாமல் அமுக்குவது தவறு என்று எல்லோருக்கும் தெரியும். கொட்டித் தீர்ப்பதிலும் தவறு இருக்கிறது. புண்ணில் புழு வைத்திருந்ததை நான் சாப்பாட்டு நேரத்தில் கணவரிடம் விவரமாகச் சொல்லியிருக்கிறேன். அவர் தட்டை வைத்துவிட்டு எழுந்துபோனார். எனக்குப் பாரம் இறங்கவும் இல்லை, அவருக்கு ஏறியதுதான் மிச்சம். இப்போது, "இன்னிக்கு ஒரு கஷ்டமான வீடு. கொஞ்ச நேரம் கேட்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். அங்கே பார்த்ததை விட்டுவிட்டு, அது என்னை என்ன செய்தது என்று மட்டும் சொல்வேன். நோயாளியின் அந்தரங்கமும் காப்பாற்றப்படுகிறது. விவரத்தோடு பேச வேண்டியதை அதே வேலையில் இருக்கும் தோழியிடம் பேசுகிறேன்.

வீட்டில் இருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கு இது இன்னும் கஷ்டம், அவர்களுக்கு ஷிஃப்ட் முடிவதே இல்லை. பக்கவாதத்தில் படுத்த மாமனாரையோ, மறதி நோய் வந்த அம்மாவையோ பெரும்பாலும் வீட்டில் ஒரே ஒரு பெண்தான் பார்க்கிறாள். ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு வருகிற சொந்தக்காரர்கள், "உன்ன மாதிரி யாரும் பார்க்க முடியாதும்மா" என்று புகழ்ந்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் புகழ்ச்சியில் மாட்டிக்கொண்டு உதவி கேட்காமல் இருப்பதுதான் அவர்கள் செய்யும் தவறு. "ஏதாவது ஹெல்ப் வேணும்னா சொல்லு" என்று யாராவது சொன்னால் உடனே நாளையும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள்: "அண்ணா, ஞாயித்துக்கிழமை ஆறு மணியிலேருந்து பத்து மணி வரைக்கும் அப்பாவை நீங்க பாத்துக்கோங்க." யூரின் பேக்கை மாற்ற, திருப்பிப் படுக்க வைக்க அவர்களுக்கும் கற்றுக்கொடுங்கள். நாம் செய்வதைவிடக் கொஞ்சம் மோசமாகத்தான் செய்வார்கள், செய்யட்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டால், பார்த்த காட்சிகள் கனவிலும் விழிப்பிலும் திரும்பத் திரும்ப வந்தால், மாத்திரையோ மதுவோ இல்லாமல் இரவு நகரவில்லை என்றால், செத்துப்போனால் தேவலை என்று தோன்றினால், இந்தப் பழக்கங்களை நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். அது மருத்துவரைப் பார்க்க வேண்டிய கட்டம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மத்திய அரசின் மனநல உதவி எண் 14416. இலவசம், இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

நிறைவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன். எங்கள் வேலையில் குணமாவதைக் கணக்காக வைத்தால் எல்லா நோயாளியும் தோல்விதான். ஆறு வருடம் நான் அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர் இறந்துபோனால் மறுநாள் காலையே அந்த நேரத்துக்கு வேறொரு முகவரி வந்துவிடும். இறந்தவரை நினைக்கக்கூட இடம் இருக்காது. இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். பெயரெல்லாம் எழுதுவதில்லை, வீட்டின் அடையாளம் மட்டும்: வேப்பமரத்து வீடு, பச்சைக் கேட் வீடு. படுக்கப் போகும் முன் அன்று என் கையால் ஆனது எதுவோ அதை ஒரு வரியில் எழுதுகிறேன். 'வலி 8-லிருந்து 3-க்கு வந்தது.' 'மகளுக்கு டிரெஸ்ஸிங் செய்யக் கற்றுக்கொடுத்தேன்.' யாராவது இறந்தால் அவருடைய வரிகளை ஒரு முறை படித்துவிட்டு, கீழே ஒரு கோடு போடுகிறேன். சில நாள் அழுகை வரும், அழுதுகொள்கிறேன்.

நேற்று வேப்பமரத்து வீட்டுக்குக் கோடு போட்டேன். அதற்கு மேலே இருந்த கடைசி வரி: 'எலுமிச்சை ஊறுகாய் கேட்டார். நாக்கு நுனியில் தொட்டு வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு சப்புக்கொட்டினார்.'